1951 ஷெவ்ரோலேவுக்கு இரட்டை சைலன்சர்: குன்னூர் மலையில் செய்து பார்த்தது

எங்கள் 1951 ஷெவ்ரோலே ஸ்டைல்லைன் இப்போது இரண்டு சைலன்சரோடு மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஏறி இறங்குகிறது. பல மாதம் இழுத்த வேலை. ஆறு சிலிண்டர் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இரட்டைக் குழாய் போட்டால் பவர் ஏறுமா? கொஞ்சம் ஏறும். ஆனால் மலையில் ஓடும் வண்டிக்கு நான் அதை முதலில் வைக்க மாட்டேன். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்புரேட்டருக்கு அடியில் சூடு இருந்தே ஆகவேண்டும். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் சூடு போகவே கூடாது. இந்த இரண்டையும் சரிசெய்வதில்தான் வேலையின் முக்கால்வாசி போனது. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

எஞ்சின் 216 கன அங்குலம், அதாவது மூன்றரை லிட்டர். புதிதில் 92 குதிரைத்திறன். ஊட்டி உயரத்தில், சுமார் 2,240 மீட்டரில், காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்; பவரும் அந்த அளவுக்குப் போய்விடும். இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் வாய்கள் நான்கு. முதல் சிலிண்டருக்கு ஒன்று, 2-க்கும் 3-க்கும் சேர்த்து ஒன்று, 4-க்கும் 5-க்கும் சேர்த்து ஒன்று, 6-க்குத் தனியாக ஒன்று. நான்கும் மேனிஃபோல்டு என்ற ஒரே வார்ப்பிரும்புக் குழாயில் கூடி, நடுவிலுள்ள பெட்டி வழியாகக் கீழே ஒற்றைக் குழாயாக இறங்குகின்றன. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-5-3-6-2-4. மேனிஃபோல்டை நடுவில் பிரித்தால் முன் மூன்றும் பின் மூன்றும் மாறி மாறி வெடிக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் சம இடைவெளியில் மூன்று வெடிப்பு. ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சினை இரண்டாகப் பிரிக்க இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

வண்டியோடு வந்த மேனிஃபோல்டை நான் வெட்டவில்லை. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிக்கென்று தனிப்பிரிவு வந்தது. 50 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. நாளைக்கு அந்தப் பதிவுக்குப் போனால் பழைய சாமானை அப்படியே திருப்பி மாட்டும் நிலையில் வண்டி இருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஆகவே சேசிஸில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. பழைய மேனிஃபோல்டுக்கு எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தாயிற்று. வெட்டுவதற்கு வேறொன்று வேண்டுமே! இதே குடும்ப எஞ்சின் அந்தக் காலத்து ஷெவ்ரோலே லாரியிலும் பஸ்ஸிலும் ஓடியதால், கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்ததில் ஒன்று கிடைத்தது. ரூ. 4,500. நடுப்பெட்டியில் விரல் நீள விரிசல். வெட்டப்போகும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

கழற்றுவது தனி வேலை. மேனிஃபோல்டை எஞ்சின் ஹெட்டில் பிடிக்கும் ஸ்டட்கள் எழுபது வருடம் சூட்டில் கிடந்தவை. மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டும் இரண்டு நட்டு அசையவில்லை. நட்டை மட்டும் கேஸ் கட்டரால் மங்கிய சிவப்பு வரும் வரை சூடாக்கி, கொஞ்சம் ஆறியதும் மெழுகுவத்தியை மரையில் வைத்துத் தேய்த்தேன். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது; அப்புறம் சாதாரண ஸ்பேனருக்கே கழன்றது. பின்கோடி ஸ்டட் ஒன்று மட்டும் ஹெட்டோடு சமமாக ஒடிந்தது. அதன்மேல் நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பி, சூடு இருக்கும்போதே திருகி எடுத்தேன். திரும்ப மாட்டும்போது ஸ்டட் புதியது, நட்டு பித்தளை. பித்தளை நட்டு ஸ்டீல் ஸ்டட்டில் இறுகிப் போகாது. அடுத்த முறை கழற்றுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் மலைக் கணக்கு வருகிறது. நடுப்பெட்டிக்கு நேர் மேலே, எஞ்சினுக்குள் பெட்ரோல் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு உட்கார்ந்திருக்கிறது, அதற்கு மேல் கார்ப்புரேட்டர். எக்ஸாஸ்ட் சூடு அந்த இடத்தில் இன்டேக்கைச் சுடவைத்து, பெட்ரோல் ஆவியாக உதவுகிறது. உள்ளே ஒரு தகடு உண்டு. வெளியே சுருள் ஸ்பிரிங்கும் எடைக்கல்லும். குளிரில் தகடு சூட்டை மேலே திருப்பும், எஞ்சின் சூடானதும் தானே கீழே விட்டுவிடும். சமவெளியில் பலர் இதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். மார்கழியில் ஊட்டி அருகே தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலையில் வண்டி எடுப்பவர்கள் அதைச் செய்யக்கூடாது. சரியாக நடுவில் வெட்டினால் பெட்டியே போய்விடும். பெட்டிக்குச் சற்றுப் பின்னால், 4-5 வாய்க்கு முன்னால் வெட்டினால் பெட்டி முன்பாதியோடு நிற்கும். பழைய வெளிவாயே முன் மூன்று சிலிண்டருக்கும் ஆகும். பின்பாதிக்கு மட்டும் புது வாய் வைத்தால் போதும். இந்த வழியையே எடுத்தேன்.

வெட்டி ஒட்டியது கோவை கணபதியில் ஒரு வெல்டிங் பட்டறையில். வார்ப்பிரும்பு வேலையிலேயே தலை நரைத்தவர் அந்த அண்ணன். போனில் பேசும்போதே, "சுண்ணாம்புத்தூளோ சலிச்ச சாம்பலோ ஒரு மூட்டை வேணுமுங்க தம்பி, இங்க நல்லது கிடைக்கறதில்ல" என்றார். எங்கள் ஊர் டீ ஃபாக்டரிகளில் டிரையருக்கு விறகு அடுப்புதான், சாம்பலுக்கா பஞ்சம்? சலித்த சாம்பல் ஒரு மூட்டையை மேனிஃபோல்டோடு இறக்கிக்கொண்டு போனேன்.

கட்டிங் வீலில் வெட்டு விழுந்ததும் உள்ளே விரல் மொத்தத்துக்குக் கரி. வெட்டிய இரண்டு வாயையும் 6 மி.மீ. ஸ்டீல் தகட்டால் அடைத்தோம். பின்பாதியின் அடியில் கிரைண்டரால் வட்டம் வெட்டி, ஒன்றரை இஞ்ச் குழாய்த் துண்டு வைத்து, அதன் முனையில் 10 மி.மீ. தகட்டில், அடுத்த குழாயைப் போல்ட் போட்டுப் பிணைக்க மூன்று ஓட்டை ஃபிளாஞ்ச். வெல்டிங் ராடு நிக்கல் ராடு. விலை அதிகம், ஆனால் சாதா ராடு வார்ப்பிரும்பில் நிற்காது. முதலில் கரி அடுப்பில் போட்டு 300 டிகிரிக்குக் கொண்டுவந்தார். பிறகு ஒரு இஞ்ச் வெல்டு, உடனே சின்னச் சுத்தியலால் அதன் மேல் பொடிப்பொடித் தட்டு, பிறகு எதிர்ப்பக்கம் ஒரு இஞ்ச். தட்டும்போது வெல்டு நீண்டு கொடுப்பதால் ஆறும்போது இழுக்காது. நான் கடிகாரத்தைப் பார்த்ததைக் கவனித்துவிட்டார்.

"அவசரப்படுத்துனீங்கன்னா பக்கத்துல விரிசல் விட்ருமுங்க தம்பி. போய் டீ குடிச்சிட்டு வாங்க."

முடிந்ததும், மெல்ல ஆறட்டும் என்று இரண்டு துண்டையும் சாம்பலுக்குள் புதைத்தார். மறுநாள் காலையில் எடுக்கும்போதும் கையில் வெதுவெதுப்பு இருந்தது. விரிசல் எங்கும் இல்லை; பழைய விரிசலையும் வி வடிவில் குடைந்து அடைத்துக் கொடுத்தார்.

வெல்டிங் சூட்டில் முகம் கோணும் என்பது தெரிந்ததுதான். நேர்ச்சட்டம் வைத்து, சந்தை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்தால் பின்பாதியில் 0.6 மி.மீ. இடைவெளி. அப்படியே மாட்டினால் மூட்டில் வைக்கும் எந்த பேக்கிங்கும் தாங்காது. மில்லிங் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த எஞ்சினில் இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் ஒரே தடிமன் வாஷர்தான் சேர்த்து அழுத்துகிறது. எக்ஸாஸ்டில் வாஷர் உட்காரும் காதை மட்டும் செதுக்கினால் அது மெலிந்துபோய், வாஷர் இன்டேக் மேல் மட்டும் உட்காரும். எக்ஸாஸ்ட் பக்கம் புகை கசியும். எனவே இரண்டு எக்ஸாஸ்ட் துண்டையும் இன்டேக்கோடு சேர்த்துப் பிடித்து, முகத்தை ஒரே செட்டிங்கில் 0.8 மி.மீ. எடுக்கச் சொன்னேன். காதுகளின் முன்பக்கத்தையும் ஒரே மட்டத்துக்குத் தொட்டுவிட்டார்கள். வெல்டிங்கும் மில்லிங்கும் சேர்த்து ரூ. 3,800. இரண்டு துண்டுக்கும் நடுவில் 4 மி.மீ. சந்து விட்டிருக்கிறேன். சூட்டில் நீள இடம் இருப்பதால் இனி விரிசலுக்கு வாய்ப்பு குறைவு.

அடுத்தது குழாய். பழையது வெளிவிட்டம் 48 மி.மீ. இரட்டை என்றதும் அதே சைஸில் இரண்டு போடச் சொல்லித்தான் எல்லோரும் யோசனை சொன்னார்கள். 92 குதிரை எஞ்சினுக்கு அது அதிகம். குழாய் பெரிதானால் புகை மெதுவாகப் போகும், சீக்கிரம் ஆறும், உள்ளேயே தண்ணீர் விடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. குளிர்ந்த குழாயில் அது சொட்டும். ஆகவே 38 மி.மீ., 16 கேஜ் தடிமன். உள் பரப்பைக் கணக்கிட்டால் இரண்டு 38 குழாய் சேர்ந்து பழைய ஒற்றைக் குழாயைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். போதும். ஆறு மீட்டர் நீளத்தில் இரண்டு சாதா இரும்புக் குழாய் ரூ. 1,500. கைவசம் ஜி.ஐ. குழாய் இருந்தும் எடுக்கவில்லை. துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் எரிந்து வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும்.

வளைவுகளை முதலில் இங்கேயே போட்டேன். ஆற்று மணலை வாணலியில் வறுத்து, குழாய்க்குள் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, சிவக்கச் சூடாக்கி வளைப்பது பழைய முறை. மணல் துளி ஈரம் இருந்தாலும் நீராவி கட்டையைப் பீரங்கிக் குண்டாக எறியும். வறுப்பதில் சோம்பல் கூடாது. அகன்ற வளைவுகள் நன்றாக வந்தன. பின் ஆக்சிலுக்கு மேல் ஏறி இறங்கும் குறுகிய வளைவு மட்டும் உள்பக்கம் சுருங்கியது. அதற்குக் கோவையில் விற்கும் ரெடிமேடு வளைவு ஆறு வாங்கினேன், ஒன்று ரூ. 280.

சைலன்சர் இரண்டும் அம்பாசிடருக்கு வருபவை, ஒன்று ரூ. 1,450. 38 குழாயை முனையில் லேசாக விரித்ததும் உட்கார்ந்துகொண்டது. இரைச்சல் சைலன்சர் போட எனக்கு எண்ணமே இல்லை. டீத்தோட்டத்துக்கு நடுவே ராத்திரி திரும்பி வரும் வண்டி அது. மலைச்சரிவில் சத்தம் எதிர்ச்சரிவு வரை போகும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் சைலன்சருக்கான விதி 120-ம் இருக்கிறது.

இனி, வேலையைத் திரும்பச் செய்யவைத்த பகுதி. பின்னாலிருந்து பார்க்க இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று, பின்பாதிக் குழாயை, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியிலேயே வலப்பக்கம் திருப்பி, சேசிஸ் ஓரமாகப் பின்னால் கொண்டுபோனேன். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் பெடல்களும் அவற்றுக்கடியில் மாஸ்டர் சிலிண்டரும் அந்தப் பக்கம்தான். குழாய்க்கும் சிலிண்டருக்கும் நாலு விரல் இடைவெளி. தொடவில்லை என்பதால் போதும் என்று பட்டது. சிலிண்டரின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்தேன். பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும், டேப் இருந்தால் சரியாகக் காட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறி நிறுத்தியதும் 88 டிகிரி. பழைய ஒற்றைக் குழாயில் இதே ஏற்றத்தில் 50-ஐத் தாண்டியதில்லை. நிறுத்திய பிறகு காற்றோட்டம் இல்லாததால் இன்னும் ஏறி 96-க்குப் போனது.

பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 200 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழையும் பனியும் உள்ள ஊரில் இன்னும் சீக்கிரம். ஈரம் ஏறிய ஆயில் 140-லேயே கொதிக்கும். ஏறி முடித்து டீ குடித்துவிட்டு உடனே ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும் கல்லட்டிப் பக்கம் இறங்கினால், 36 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் சூடும் இதோடு சேரும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போகும். இந்த வண்டியில் நான்கு சக்கர பிரேக்குக்கும் ஒரே சர்க்யூட். இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அன்றைக்கே அந்தக் குழாயைக் கழற்றிவிட்டேன். போன பணம் ரூ. 1,100.

புது வழி இது: இரண்டு குழாயும் கியர்பாக்ஸின் இடப்பக்கமாகவே சேர்ந்து பின்னால் போகின்றன. மாஸ்டர் சிலிண்டரைத் தாண்டி ஒரு முழம் பின்னால் வந்த பிறகுதான் ஒன்று வலப்பக்கம் கடக்கிறது. கடக்கும் இடத்தில் குழாய்க்கு மேலே டார்க் டியூப். பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இந்த வண்டியில் திறந்து இருக்காது, அந்த டியூபுக்குள் ஓடும். ஆக்சில் ஏறி இறங்கினால் டியூப் முழுவதும் ஏறி இறங்கும். கியர்பாக்ஸ் வாலிலுள்ள பந்து மூட்டுதான் அச்சு என்பதால், அதற்குப் பக்கத்தில் அசைவு கம்மி, பின்னால் போகப்போக அதிகம். ஜாக்கியைச் சேசிஸில் கொடுத்து ஆக்சிலைத் தொங்கவிட்டு ஒருமுறை, ஆக்சிலில் கொடுத்து ஸ்பிரிங்கை அமுக்கி ஒருமுறை அளந்தேன். கடக்கும் இடத்தில் அசைவு 20 மி.மீ.தான். 40 விட்டேன். தரையிலிருந்து குழாயின் அடி 165 மி.மீ.; ஊருக்குள் வேகத்தடைகளில் இடிக்கவில்லை. கூடவே மாஸ்டர் சிலிண்டருக்கும் குழாய்களுக்கும் நடுவில் 1 மி.மீ. அலுமினியத் தகடு, இரு பக்கமும் 12 மி.மீ. காற்று இடைவெளியோடு, ஏற்கெனவே இருந்த போல்ட்டிலேயே பிடித்திருக்கிறது. இப்போது அதே ஏற்றத்தில் அதே டேப்பில் 53 டிகிரி. நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து 57.

தொங்கல்களுக்கு டீ ஃபாக்டரியில் கழித்த கன்வேயர் பெல்ட் ரப்பர். கேன்வாஸ் நூல் உள்ளதால் கிழியாது. ஒவ்வொரு குழாய்க்கும் மூன்று தொங்கல். எஞ்சின் தன் ரப்பர் மேல் ஆடும். குழாயை இறுக்கிக் கட்டினால் அந்த ஆட்டம் ஃபிளாஞ்சில்தான் வந்து விழும்.

மாட்டி முடித்ததும் கசிவு பார்ப்பதை விடவே கூடாது. குளிர் ஊரில் எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை ஒரு குழாயின் வாலில் நுழைத்துச் சுற்றிலும் ஈரத்துணி அடைத்து, பிறகு அடுத்த குழாயிலும் அதேபோலச் செய்து, எல்லா மூட்டிலும் சோப்பு நுரை தடவினேன். பின்பாதி ஃபிளாஞ்சில் குமிழி வந்தது; பேக்கிங் மாற்றியதும் நின்றது. எஞ்சினுக்கும் நமக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டில் பழைய ஒயர் போன ஓட்டைகளையும் ரப்பர் குரோமெட் போட்டு அடைத்தேன். மேனிஃபோல்டு நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு 20 அடி-பவுண்டில் இறுக்கி, ஒருமுறை சுடவைத்து முழுக்க ஆறவிட்டு மறுபடி இறுக்கினேன். எல்லா நட்டும் கால் சுற்றுப் போனது.

பலன் என்ன? கழற்றுவதற்கு முன்பே, குழாய்க்குள் புகை தேங்கும் அழுத்தத்தை அளக்க, பழைய குழாயில் ஒரு சின்ன முனை வைத்து, நீளமான செப்புக் குழாயில் 5 பி.எஸ்.ஐ. கேஜ் மாட்டிப் பார்த்திருந்தேன். பர்லியாறு தாண்டி இரண்டாம் கியரில் முழு ஆக்சிலரேட்டரில் இரண்டரை பி.எஸ்.ஐ. காட்டியது. இப்போது ஒன்றுக்குக் கீழ். ஓட்டும்போது தெரிவது இதுதான்: கொண்டை ஊசி தாண்டி நேர் ஏற்றத்தில் மூன்றாம் கியருக்குக் கொஞ்சம் முன்னாலேயே போக முடிகிறது, போனால் தாக்குப்பிடிக்கிறது. மைலேஜில் வித்தியாசம் இல்லை. புகை எளிதாக வெளியேறினால் மிக்ஸ்சர் கொஞ்சம் லீன் ஆகும், அதாவது பெட்ரோல் பங்கு குறையும். மலைக் காற்றில் ஏற்கெனவே பெட்ரோல் அதிகமாகி ரிச்சாக ஓடிய வண்டிக்கு அது நல்லதாகவே போயிற்று. முன்பு கரியாக இருந்த பிளக்குகள் இப்போது காப்பிப் பொடி நிறம். கார்ப்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றவில்லை. சத்தம் ஐடிலில் பழைய மாதிரியே அமைதி. ஏற்றத்தில் மட்டும் கனமாக, இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறி வருகிறது. கேட்க எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இழந்தது: காலையில் சோக்கை உள்ளே தள்ள முன்பு நான்கு நிமிடம் போதும், இப்போது ஆறு. நடுப்பெட்டிக்கு மூன்று சிலிண்டரின் சூடு மட்டுமே வருவதால் இதை எதிர்பார்த்தேன். பெட்டிக்குள் சூட்டைத் திருப்பும் தகட்டின் அச்சை மண்ணெண்ணெயும் கிராஃபைட் தூளும் விட்டு இளக்கியிருக்காவிட்டால் இன்னும் அதிகமாகியிருக்கும்.

பேக்கிங், ஸ்டட், பித்தளை நட்டுக்கு ரூ. 1,350, சூடு தாங்கும் பெயின்ட் 600, அலுமினியத் தகடு 450, கிளாம்ப் வகைக்கு 800 சேர்த்து, வீணான குழாயோடு மொத்தம் ரூ. 18,680. என் உழைப்புக் கூலி இதில் இல்லை.

திரும்பச் செய்தால் இரண்டை மாற்றுவேன். ஒன்று, சைலன்சருக்குப் பின்னாலுள்ள குழாயை 304 ஸ்டெயின்லெஸில் போடுவேன். மேனிஃபோல்டுப் பக்கம் சாதா இரும்பே போதும், அங்கே தண்ணீர் தங்காது. வாலில்தான் தங்குகிறது, மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும் சின்ன ஓட்டத்தில் இரண்டு சைலன்சரும் முழுக்கச் சூடாவதே இல்லை. இரண்டு, சைலன்சரின் மிகத் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. வடிகால் ஓட்டையை மாட்டுவதற்கு முன்பே போட்டுவிடுவேன். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு போட்டதில் இடப்பக்க ஓட்டை தாழ்வான இடத்துக்கு ஒரு இஞ்ச் தள்ளி விழுந்திருக்கிறது. காலையில் வண்டியை எடுத்தால் வலப்பக்கம் சொட்டுகிறது, இடப்பக்கம் சொட்டவில்லை. மழைக்காலத்துக்கு முன் அதைக் கழற்றிச் சரியான இடத்தில் இன்னொன்று போட வேண்டும்.